மூத்தோரை வினவுவார் யார்?

பிசிராந்தையாரை அறியாத தமிழர் அரியர். கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே நட்புப் பூண்டு, அவன் வடக்கிருந்தபோது தாமும் வந்து உடனிருந்து உயிர் துறந்த சான்றோர் அவர். ஆண்டு பல கடந்தும் தங்கள் தலை நரைக்காதது எவ்வாறு என்று தம்மை வினவியோர்க்கு அவர் இறுத்த விடை, புறநானூற்றில் 191ஆம் பாட்டாக நிற்கிறது. மருந்தையோ உணவையோ அவர் காரணமாகக் கூறவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் எனத் தம்மைச் சூழ்ந்தவர்களையே காரணமாகக் காட்டினார். உடலைப் பற்றிய வினாவுக்கு ஊரைப் பற்றிய விடை! முதியவரின் நலம் அவர் உடலில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் வருவாயிலும் அண்டை அயலிலும் இருக்கிறது என்று இன்றைய முதுமையியல் கூறுவதும் இதனையே.

அந்தப் பாட்டில் நாம் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. வினவியவர்கள் அவருடைய மொழியைப் பேசியவர்கள். ‘சான்றோர்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை அறிந்தவர்கள். அதே வினாவை வேற்றுமொழியாளர் ஒருவர் அச்சிட்ட படிவத்தோடு வந்து கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மனைவி உண்டு, மக்கள் உண்டு, வேலையாள் உண்டு என்று மூன்று கட்டங்களில் குறியிட்டுச் சென்றிருப்பார். சான்றோருக்குப் படிவத்தில் கட்டம் இராது. விடையின் உயிர்நாடி அங்கேயே அறுந்து போயிருக்கும்.

நான் ஆய்வாளன் அல்லேன். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரிபவன். ஆயினும் படிவங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன்: படிவத்தில் இடமில்லாத துன்பம், அரசின் கண்ணுக்கு இல்லாத துன்பம். ஆகவேதான் ஒரு கேள்வியை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன். சிறுபான்மையாக வாழும் மக்களின் முதுமையை ஆராய உரியவர் யார்? அம்மக்களிடமிருந்தே ஆய்வாளர் தோன்ற வேண்டும் என்று விரும்பி, அதற்குப் பொருளும் துணையும் நல்குவது அறமா? அன்றித் தன்னினப் பற்றுக்கு நாம் சூட்டும் அழகிய பெயர்தானா?

நாம் நிற்கும் இடம்

வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது சித்தூரே. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைத்தன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இவ்வாறு கோடுகள் இடம் மாறிய நிலத்தில் தமிழ் முதியோர் மூவகையினராக வாழ்கின்றனர். தாம் பெயராமல் இருக்க, எல்லை தம்மைக் கடந்து சென்றதைக் கண்டவர்கள் முதல் வகையினர். இருப்புப்பாதை, அலுவலகம், வங்கி, வணிகம், திருக்கோயிற் பணி என்று வந்து, இங்கேயே வீடு கட்டி ஓய்வு பெற்றவர்கள் இரண்டாம் வகையினர். பிள்ளைகள் இங்கே வேலையில் இருப்பதால், துணையை இழந்தபின் ஊரையும் வீட்டையும் பூட்டிவிட்டு வந்து சேர்ந்த தாய் தந்தையர் மூன்றாம் வகையினர். முதல் இரு வகையினர்க்குத் தெலுங்கு வீட்டு மொழி போலவே வரும். மூன்றாம் வகையினர்க்கோ காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் பக்கத்து வீட்டுப் பேத்தி வேண்டும். நம்மிடையே மிகுந்த அமைதியோடு இருப்பவர்கள் இவர்களே. அந்த அமைதியை நாம் மனநிறைவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சொல் செய்யும் பிழை

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்து, மகனோடு திருப்பதிக்கு வந்த மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதியோர் நலம் பற்றிய கணக்கெடுப்புக்கு ஓர் இளம்பெண் வருகிறாள். தெலுங்குப் பெண், நல்லவள், தன் கடமையை ஒழுங்காகச் செய்பவள். “மீக்கேம் அவசரம்?” என்று அன்போடு கேட்கிறாள். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. உங்களுக்கு என்ன தேவை என்பதே அவள் வினா. மூதாட்டியின் செவியில் விழுவதோ தமிழின் ‘அவசரம்’. “எனக்கென்னம்மா அவசரம்? ஒன்றுமில்லை, நீ மெதுவாகக் கேள்” என்கிறார் அவர். தேவை ஏதும் இல்லை என்று படிவத்தில் ஏறுகிறது.

அடுத்து நினைவாற்றலை அறியும் வினாக்கள். இது என்ன மாதம் என்று கேட்கிறாள். “புரட்டாசி” என்கிறார் மூதாட்டி. ஏழுமலையானுக்கு உகந்த மாதம். அதை அவர் எப்படி மறப்பார்! ஆனால் நாம் புரட்டாசி என்னும் நாள்களைத் தெலுங்குப் பஞ்சாங்கம் பாத்ரபதம் என்றோ ஆசுவயுஜம் என்றோ சொல்லும். நம் மாதம் கதிரவனைப் பின்பற்றுவது; அவர்கள் மாதம் திங்களைப் பின்பற்றுவது. அவள் கையிலுள்ள விடைத்தாளில் புரட்டாசி இல்லை. தவறு என்று குறி விழுகிறது. பின்னர், மூன்று தெலுங்குச் சொற்களைக் கேட்டு நினைவிற்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். அறியாத மொழியின் சொற்களை எந்த நினைவாற்றலால் ஏந்துவது?

முடிவில் இரண்டு குறிப்புகள் எஞ்சுகின்றன: ‘தேவை இல்லை’, ‘நினைவில் தடுமாற்றம்’. இரண்டும் பொய். முன்னது அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவியைப் பறிக்கிறது. பின்னது அவர் சொல்லின் மதிப்பைப் பறிக்கிறது. நாளை ஒரு சொத்துத் தகராறு எழுந்தால் அவர் கையொப்பத்தின் மதிப்பையும் பறிக்கக்கூடும். கோப்பில் ஏறிய சொல்லுக்கு மனிதரினும் ஆயுள் அதிகம் என்பதை எம்மைப் போன்ற எழுத்தர்கள் நன்கு அறிவோம். இங்கே யாரும் தீங்கு நினைக்கவில்லை. கேட்டவள் நேர்மையானவள், சொன்னவரும் உண்மையே சொன்னார். எனினும் அநீதி நிகழ்ந்துவிட்டது. தீயவர் இல்லாமலே விளையும் அநீதிக்குப் பொறுப்பாளி யார் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய அற வினா.

நமது அரசியலமைப்பு மொழிச் சிறுபான்மையினரை மறக்கவில்லை. அவர்தம் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற 350ஏ பிரிவும், அவர்தம் காப்புகளைக் கவனிக்கத் தனி அலுவலரை அமர்த்த 350பி பிரிவும் உள்ளன. ஆயினும், ஒரு முதியவரின் நினைவை அவர் தாய்மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு ஏதுமில்லை. சட்டம் குழந்தையின் நாவைக் காக்க எண்ணியது. முதியவரின் நாவைக் காப்பது சமூகத்தின் கடமையாக எஞ்சுகிறது.

அறிவுக்கு மொழி உண்டோ?

இங்கே ஒரு மறுப்பு எழும். அறிவியல் நடுநிலையானது, எண்ணுக்குச் சாதியும் இல்லை, மொழியும் இல்லை, ஆய்வாளர் எவராயினும் முறை சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்பர். மதிக்கத்தக்க மறுப்பே. எண்ணுக்கு மொழி இல்லை என்பது மெய். ஆனால் எண்ணைப் பிறப்பிக்கும் வினாவுக்கு மொழி உண்டு.

மறதிநோயைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் வினாத்தொகுதி ஒன்று 1975இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஒரு தொடரை எழுதிக் காட்டு என்பதும், அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி கண்ணை மூடு என்பதும் அதிலுள்ள பணிகள். பள்ளி வாசலை மிதியாத நம் நாட்டுக் கிழவிக்கு இவற்றைக் கொடுத்தால் வெளிப்படுவது அவர் எழுத்தறியாமையே அன்றி மறதி அன்று. அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் மேரி கங்குலியும் அவர்தம் குழுவினரும் இதனை இந்திக்கு ஏற்ப மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டனர். எழுதுவதற்கு ஈடாக உன் வீட்டைப் பற்றிச் சொல் என்று கேட்டனர். படிப்பதற்கு ஈடாக நான் செய்வது போலச் செய் என்று கண்ணை மூடிக் காட்டினர். அந்த மண்ணையும் மக்களையும் அறிந்தவர்களுக்கே தோன்றக்கூடிய மாற்றங்கள் இவை.

1998இல் கொச்சியில் தோன்றிய ஓர் ஆய்வுக் குழு தனக்கு 10/66 என்று பெயரிட்டுக்கொண்டது. மறதிநோயர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்னும் அவலத்தையே அது பெயராகச் சூடியது. அதன் இந்திய ஆய்வுக் களங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள வேலூர்.

இன்னும் வியப்பான சான்று ஐதராபாத்தில் உள்ளது. இரு மொழி பேசுவோர்க்கு மறதிநோய் காலம் தாழ்த்தி வருகிறது என்று கனடாவில் ஆய்வுகள் கூறியிருந்தன. ஆனால் அங்கே இருமொழியாளர் பலர் குடியேறியவர்கள். காரணம் மொழியா, குடிபெயர்வா என்று பிரித்தறிய முடியவில்லை. ஐதராபாத்திலோ, பிறந்த ஊரை விட்டு அகலாதவரும் தெலுங்கும் உருதும் எனப் பல மொழிகள் பேசுவர். அந்நகரின் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். இருமொழியாளர்க்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடையேயும் அவ்வேறுபாடு காணப்பட்டது. பன்மொழிச் சூழலில் பணிபுரிந்தோர் உலகம் அவிழ்க்க மாட்டாதிருந்த ஒரு முடிச்சைத் தளர்த்தினர். ஆகவே, பல்வகைப்பட்ட ஆய்வாளர்கள் தோன்றுவது அந்தந்த மக்களுக்குச் செய்யும் சலுகை மட்டுமன்று. அறிவுக்கே அதனால் ஊதியம் உண்டு.

நம்பிக்கை உடைந்த கதை

ஆய்வில் மொழியினும் ஆழமான மற்றொன்று நம்பிக்கை. அதனை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று. அலபாமா மாநிலத்து டசுகீகி என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 1932இல் அந்நாட்டுப் பொதுநலத்துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவரும், நோயில்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். உங்கள் இரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லப்பட்டது. 1940களில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தனர். 1972இல் செய்தித்தாள் வழியாக உண்மை வெளிப்படும் வரை நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. 1997 மே மாதம் குடியரசுத் தலைவர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அதே 1997இல் அந்நாட்டின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், சிறுபான்மையினர் முதுமை ஆய்வுக்கெனப் பல்கலைக்கழகங்களில் வள மையங்களைத் தொடங்கியது. சிறுபான்மை முதியோரின் நலத்தை ஆராய்வதும், அத்துறைக்குப் பல்வேறு பின்னணியிலிருந்து வரும் இளம் ஆய்வாளரை மூத்த பேராசிரியரோடு இணைத்து வளர்ப்பதும் அம்மையங்களின் நோக்கம்.

இவ்வளவில் நின்றால், நம்மவரே நம்மை ஆராய்ந்தால் எல்லாம் நலமாகும் என்று தோன்றும். டசுகீகி அதனையும் மறுக்கிறது. அந்த ஆடவர்களை ஆய்வில் தொடர்ந்து இருக்கச் செய்தவர் யூனிசு ரிவர்சு என்னும் செவிலியர். அவரும் கறுப்பினப் பெண்மணியே. அவர்கள் மொழி பேசியவர். அவர்கள் வீட்டு நன்மை தீமைகளை அறிந்தவர். அவர் மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையே அவர்களைப் பிணித்த கயிறாயிற்று. என்ன கேட்பது, எதற்குக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். வாயில் திறக்கும் வேலைக்கு மட்டும் நம்மவர் ஒருவரை அமர்த்துவது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. வினாவை வகுக்கும் இடத்திலும், வேண்டாம் என்று சொல்லும் இடத்திலும் அவருக்கு இருக்கை வேண்டும்.

உறவினர் காதில் சொல்லத் தயங்குவதை அயலாரிடம் சொல்லும் இயல்பும் மனிதர்க்கு உண்டு. மருமகள் சோறிடவில்லை என்பதை அதே தெருவில் வாழும் தமிழ்ப் பெண்ணிடம் எந்தத் தாய் சொல்வாள்? மாலைக்குள் செய்தி கோயில் வாசலுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவாள். ஊரார் அல்லாத ஒருவரிடம் ஒருவேளை கண்ணீர் விடுவாள். ஆதலின் நம்மவர் மட்டும் போதும் என்பதும் பிழை. நம்மவர் வேண்டாம் என்பதும் பிழை. உள்ளிருந்து பார்ப்பவர்க்குச் சொல்லின் பொருள் தெரியும். புறத்திருந்து பார்ப்பவர்க்கு நாம் பழகிப்போய்க் காணத் தவறும் குறை தெரியும். இருவரும் சமமாக அமர்ந்து செய்வதே நல்ல ஆய்வு.

துணை செய்தல் என்பது யாது?

இந்தியாவில் முதியோர் பற்றிய கணக்கெடுப்பு இல்லை என்று சொல்வதற்கில்லை. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017–18இல் நடத்திய முதல் சுற்று முதுமை ஆய்வில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,000க்கும் மேற்பட்டோர் வினவப்பட்டனர். பெரும்பணி அது. ஆனால் மாநிலத்தை அளக்கும் வலையில் ஒரு மாவட்டத்துச் சிறுபான்மையின் சிறு மீன்கள் தங்கா. அதற்குச் சிறுகண் வலை வேண்டும். அதைப் பின்னுவோர் இங்கேயே வேண்டும்.

நாம் வாழும் இடம் இதற்குத் தகுதியற்றதும் அன்று. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்து உளவியல் துறை, இந்திய முதுமை உளவியலுக்கு முன்னோடிகளைத் தந்த துறை. பேராசிரியர் பி. வி. ராமமூர்த்தியும் பேராசிரியை ஜமுனாவும் அங்கே முதுமை ஆய்வு மையத்தின் வழியே ஆற்றிய பணியை அத்துறையினர் நன்கறிவர். 1997இல் குப்பத்தில் அமைந்த திராவிடப் பல்கலைக்கழகம் தென்மொழிகள் ஒன்றையொன்று அறிய வேண்டும் என்ற நோக்கம் உடையது. மலையடிவாரத்திலேயே கருவூலம் இருக்க, அதன் கதவைத் தட்டும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? மகன் பொறியியலுக்கும் மகள் கணினிக்கும் போனால் பெருமை கொள்கிறோம். உளவியல் படிக்கிறேன், செவிலியம் படிக்கிறேன், முதியோரைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு மதிப்பெண் குறைவு போலும் என்று எண்ணிக்கொள்கிறோம். துணை செய்தல் அந்த எண்ணத்தை மாற்றுவதில் தொடங்குகிறது.

அடுத்தது பொருள். ஆய்வு மாணவர் ஒருவர் ஓராண்டு வீடு வீடாகச் செல்வதற்கு வேண்டிய பேருந்துக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் ஒரு சங்கம் ஏற்பது இயலாத காரியம் அன்று. மலர் அச்சிடும் சங்கம் அதையும் செய்யலாம். அம்மாணவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழ் கற்க விரும்பும் தெலுங்கு மாணவிக்கு ஒரு மாலைநேர ஆசிரியரைத் தருவதும் துணையே. முடிவு வந்தபின் அதை முதியோருக்கே அவர் மொழியில் படித்துக் காட்டச் செய்வதும் துணையே. தம் வாழ்வைச் சொன்னவர்க்குத் தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று அறியும் உரிமை உண்டு. பழந்தமிழில் ‘கிழமை’ என்றால் உரிமை. ‘கிழவன்’ என்றால் உரியவன். அந்தச் சொல்லை நாம் இன்று ஏளனத்துக்குப் பயன்படுத்துகிறோம். சொல்லின் பழம்பொருளை மீட்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் துணையின் உண்மையான சோதனை இனித்தான் வருகிறது. நாம் அனுப்பிய மாணவர் திரும்பி வந்து, இந்நகரின் தமிழ் முதியோர் சிலர் அரசின் புறக்கணிப்பாலன்றித் தம் மக்களின் புறக்கணிப்பாலேயே வாடுகின்றனர் என்று எழுதினால் என் செய்வோம்? மொழிப் பற்றுடைய வீட்டில் தாயோடு பேச நேரமில்லை என்று எழுதினால் என் செய்வோம்? அதனையும் இதே போன்ற மலரில் அச்சிட்டு, தலைகுனிந்து படிக்கத் துணிவோமாயின், நாம் செய்தது அறம். அந்த ஏட்டை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறு மாணவரைத் தேடுவோமாயின் நாம் செய்தது விளம்பரம். தன்னினப் பற்றா, அறமா என்று தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை, வரும் முடிவை நாம் எவ்வாறு ஏற்கிறோம் என்பதில் உள்ளது.

இன்னொரு சோதனையும் உண்டு. நமக்குக் கேட்பதைப் பிறர்க்கும் கொடுக்கிறோமா? தமிழ்நாட்டில் ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் தெலுங்கு பேசும் முதியோர் வாழ்கின்றனர். நம் மூதாட்டிக்கு ‘அவசரம்’ என்ற சொல் செய்த தீங்கை, அங்கே ஒரு தெலுங்கு மூதாட்டிக்கு நம் தமிழ் படிவம் செய்யக்கூடும். நம் அண்டையிலேயே யானாதி, இருளர் முதலிய பழங்குடி முதியோர் உள்ளனர். அவர்களிடம் கேட்கும் ஆய்வாளர் அவர்களிடமிருந்தே தோன்ற நாம் குரல் கொடுப்போமானால், நம் கோரிக்கைக்கு வலிமை கூடும்.

காலம் நமக்காகக் காத்திராது. 1953இன் பிரிவினையைக் கண்டு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பதை ஒட்டியோ கடந்தோ நிற்கிறார்கள். இரு மொழியும் ஒரு நாவில் புழங்கிய அந்நாளின் வாழ்வையும், இன்றைய அவர்தம் தனிமையையும், தேவைகளையும் அவர்களே சொல்ல வேண்டும். சொல்ல அவர்கள் அணியமாய் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்த செவிகளை உருவாக்குவது நம் தலைமுறையின் கடன்.